நெஞ்சுவலிக்கும் ஒரு தேதி உண்டு

(சித்தூரில் நடந்த மகளிர் நல அரங்கில், நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் தமிழில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்தூரில் நின்று நெஞ்சு நோயைப் பற்றிப் பேச வருகிறவர், முதலில் மதனப்பள்ளி இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915இல் காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. பல கிறித்தவ மிஷன்கள் சேர்ந்து நடத்திய இடம் அது. கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோல்லர் என்ற டென்மார்க் மருத்துவர் அதை வளர்த்து ஆளாக்கினார். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி போடத் தொடங்கியபோதும் அதில் மதனப்பள்ளிக்கு முன்னிடம் இருந்தது. 2022இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை அந்த ஊர் நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இப்படி ஒரு வரலாறு இருக்கிற மண்ணில், இருமும்போது கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தால் என்னவென்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிக்காத பாட்டிக்கும் தெரியும். டி.பி.யாக இருக்கும், சளியைப் பரிசோதிக்கச் சொல் என்பாள். நூற்றுக்கு நூறு சரியான அறிவுரை. இன்று நான் பேசப்போவது, அந்த அறிவுரைப்படியே நடந்து, சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் மாதாமாதம் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கும் ஒரு சில பெண்களைப் பற்றி. அவர்களைவிடப் பல மடங்கு அதிக எண்ணிக்கையில், காரணம் தெரியாமல் நுரையீரல் சுருங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களைப் பற்றி. இவர்களுக்கு இருப்பது நெஞ்சுக்குள் ஏறிய எண்டோமெட்ரியோசிஸ்.

கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு படலம் இருக்கிறது. மாதந்தோறும் தடிக்கும், கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அதே வகைத் திசு, இருக்கக் கூடாத இடத்தில் வேர்பிடித்து வளர்வதைத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். சினைப்பையில், கர்ப்பப்பைக்குப் பின்னால், குடலின் மேல் என்று பெரும்பாலும் அடிவயிற்றோடு நிற்கும். உலகம் முழுவதும் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இது உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இடுப்புக்கூட்டையும் வயிற்றையும் தாண்டினால் அது அதிகம் போய்ச் சேரும் இடம் நெஞ்சு.

அடிவயிற்றில் இருக்க வேண்டியது நெஞ்சுக்கு எப்படிப் போகும்? இதைக் கேட்காத மாணவர் இல்லை. அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் ஒரு விளக்கம் சொன்னார். மாதவிலக்கு ரத்தம் முழுவதும் கீழ்நோக்கி வருவதில்லை. கொஞ்சம் சினைக்குழாய் வழியாகப் பின்வாங்கி வயிற்றுக்குள் விழுகிறது. அந்த ரத்தத்தில் உயிருள்ள படலத் துணுக்குகள் இருக்கின்றன. வயிற்றுக்குள் இருக்கும் திரவம் சும்மா தேங்கி நிற்பதில்லை. மூச்சு இழுத்து விடும் அசைவில் அது வலப்பக்கமாக மேலேறி, கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே போய்ச் சேர்கிறது. இடப்பக்கம் போகவிடாமல் கல்லீரலைப் பிடித்திருக்கும் ஒரு சவ்வு மடிப்பு மறித்து நிற்கிறது. ஆகவே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுச்சுவரான உதரவிதானத்தின் வலப்பாதியில் அந்தத் துணுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. மாதாமாதம் அங்கேயே தடித்து, அங்கேயே ரத்தம் கசிந்து, தசையை அரித்து, நாளடைவில் சல்லடைக் கண்போலச் சிறு துளைகளை உண்டாக்குகின்றன. துளை விழுந்தபின் நெஞ்சுக்குள் போக என்ன தடை?

இந்த விளக்கம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரத்தம் பின்வாங்குவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. நுரையீரலின் நடுச்சதைக்குள் இந்தத் திசு காணப்படும்போது, அது ரத்தக்குழாய் வழியாகப் பயணித்திருக்க வேண்டும் என்றுதான் கருத வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்றைச் சாம்ப்சனின் வழி அழகாக விளக்கிவிடுகிறது. நெஞ்சு எண்டோமெட்ரியோசிஸ் பத்தில் ஒன்பது பேருக்கு வலப்பக்கத்தில்தான் வருகிறது.

இனி உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம், ஏனென்றால் ஸ்கேனைவிட இதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் அடையாளம், பலருக்கு, நெஞ்சிலேயே இல்லை. வலது தோளில். தோள்பட்டையின் உச்சியில், சிலருக்குக் கழுத்து வரை, சிலருக்குக் கை வரை. காரணம் எளிமையானது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்புகிறது. தோளின் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. உதரவிதானத்தில் ரத்தம் கசிந்து உறுத்தினால், மூளை அதைத் தோளின் வலி என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. நகரிப் பக்கம் தறிவேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பெண்தான். நாள் முழுக்கக் கை ஓயாத வேலை. வலது தோள் வலித்தால் அவள் தறியைத்தான் குறை சொல்வாள். மாமியார் சுளுக்கு என்பார். எண்ணெய் தடவச் சொல்வார். நமக்குப் பக்கத்திலேயே புத்தூர் இருக்கிறது. தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலும் எலும்புமுறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர். அங்கே போய் ஒரு கட்டும் போட்டுக்கொண்டு வரலாம். மூன்று நாளில் வலி போய்விடும். கட்டுப் போடாமல் இருந்தாலும் போயிருக்கும்! அடுத்த மாதம், அதே நாட்களில், அதே தோள்.

எலும்பு தசையால் வரும் வலி கையைத் தூக்கும்போதும் திருப்பும்போதும் கூடும். உதரவிதானத்து வலி மூச்சை ஆழமாக இழுக்கும்போது கூடும். சிலருக்குப் படுத்தால் கூடும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டாலே போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாவது, இந்த நோயின் மிகப் பரவலான முகம்: நுரையீரலைச் சுற்றி இருக்கும் உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குவது. நியூமோதோராக்ஸ் என்று உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள். திடீரென்று ஒரு பக்கம் குத்தும், மூச்சு வாங்கும், சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதவிலக்கை ஒட்டி வரும் இந்த நிலையை முதலில் 1958இல் மௌரரும் அவருடைய துணை மருத்துவர்களும் பதிவு செய்தார்கள். 1972இல் லில்லிங்டனும் அவரோடு இருந்தவர்களும் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. மாதவிலக்கின்போது கர்ப்பப்பை வாயை அடைத்திருக்கும் கெட்டியான சளி கரைந்துவிடுகிறது. வெளிக்காற்று அந்த வழியாக ஏறி, சினைக்குழாய், வயிறு, உதரவிதானத் துளை என்று நெஞ்சுக்குள் புகுகிறது என்பது ஒரு கட்சி. நுரையீரலின் மேற்பரப்பில் ஒட்டிய திசு உதிரும்போது அங்கே ஓட்டை விழுந்து காற்று கசிகிறது என்பது இன்னொரு கட்சி. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்களுக்கும் இது வந்திருக்கிறது. அதனால் முதல் கட்சி மட்டும் தனியாக வழக்கை ஜெயிக்க முடியாது.

மூன்றாவது, நெஞ்சுக்குள் ரத்தம் தேங்குவது. நான்காவது, இருமலில் ரத்தம். ஐந்தாவது, தொந்தரவே தராமல் சி.டி. படத்தில் ஒரு புள்ளியாக மட்டும் தெரிவது. 1996இல் ஜோசப், சான் என்ற இரு மருத்துவர்கள் அதுவரை வெளியான 110 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். காற்று புகுந்தவர்கள் 73 சதவீதம், ரத்தம் தேங்கியவர்கள் 14, இருமலில் ரத்தம் வந்தவர்கள் 7, புள்ளி மட்டும் தெரிந்தவர்கள் 6 சதவீதம். வயது சராசரியாக 35. அடிவயிற்று எண்டோமெட்ரியோசிஸ் இதைவிடச் சில வருடங்கள் முன்பே வெளிப்படும். அதாவது நெஞ்சில் வந்து நிற்பதற்கு முன் பல வருடங்கள் அடிவயிற்றில் அது குடித்தனம் நடத்தியிருக்க வாய்ப்பு அதிகம். பள்ளி நாளிலிருந்தே சுருண்டு படுக்கவைக்கும் மாதவிலக்கு வலி, மலம் கழிக்கும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி, பிள்ளை தங்காமை. இவற்றில் ஏதாவது முன்கதையாக இருக்கும்.

இத்தனைக்கும் பொதுவான ஒரே ஒரு திறவுகோல் தேதி. மாதவிலக்கு தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்து, தொடங்கி மூன்று நாட்களுக்குள் நெஞ்சுத் தொந்தரவு வருகிறதா? சில மருத்துவர்கள் மூன்று நாள் முன்பிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மாதமும் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு மாதம் விட்டு மூன்றாம் மாதம் வரலாம். வந்தபோதெல்லாம் அந்த நாட்களை ஒட்டியே வந்ததா என்பதுதான் கேள்வி.

இந்தத் தேதி ஏன் மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்வதில்லை?

ஒரு காரணம் மருத்துவமனையின் அமைப்பு. திருப்பதியிலே ருயா அரசு மருத்துவமனை ஒரு கட்டடம், அரசு மகப்பேறு மருத்துவமனை இன்னொரு கட்டடம். திருப்பதி என்றில்லை, இந்தியா முழுக்க இப்படித்தான். நெஞ்சுப் பிரிவில் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, புகைப்பழக்கம், வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா என்று எல்லாம் கேட்பார்கள். கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டால், அது எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் கர்ப்பமா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இருக்கும். மகளிர் பிரிவில் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள். தோள் வலிக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். இந்த இரண்டு கேள்விகளும் ஒரே வாயிலிருந்து வரும் நாளில்தான் நோய் பிடிபடும்.

இன்னொரு காரணம் நம் வீடு. மாதவிலக்கு நாளை மகள் அப்பாவிடம் சொல்வதில்லை. கணவர் கூட வந்திருக்கும்போது மனைவி ஆண் மருத்துவரிடம் சொல்வதில்லை. திருமலைக்கு அடிவாரத்தில் வாழ்கிற நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். முந்நூறு ரூபாய் தரிசனச் சீட்டு மாதக்கணக்கில் முன்னாலேயே எடுத்தாயிற்று, குடும்பமே கிளம்புகிறது, நாள் இடிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் போய், “தள்ளிப்போடுற மாத்திரை குடுங்க” என்று கேட்டால் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும். அந்த மாத்திரை பெரும்பாலும் நோர்எதிஸ்டிரோன். எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கே கொடுக்கிற மருந்துகளில் ஒன்று அது! மாத்திரை தின்கிற வாரத்தில் தோள்வலி வராது. நிறுத்தினதும் இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கும் வலியும் சேர்ந்து வரும். “மலை ஏறினதால வந்த வலி” என்று அதற்குப் பெயர் வைத்துவிடுவோம். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறியவள் மூச்சு வாங்கினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பக்தியில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த மாத்திரையை எப்போதெல்லாம் எடுத்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு மூச்சு வாங்கினால் அது நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டியாகக்கூட இருக்கலாம்.

காசநோய்க்குத் திரும்ப வருகிறேன். தப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருமலில் ரத்தம் வந்தால் முதலில் தேட வேண்டியது காசநோயைத்தான். நம் நாட்டில் அது எத்தனையோ மடங்கு அதிகம். அரசு மையங்களில் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் சளியைப் பார்த்து விரைவில் சொல்லிவிடுகிறார்கள், கட்டணம் இல்லை. கிருமி தென்பட்டால் ஆறு மாத மருந்தை ஒரு நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கிருமி தென்படாமலே, படத்தில் ஒரு நிழல் இருக்கிறது, ரத்தம் வருகிறது, மருந்தை ஆரம்பித்துப் பார்ப்போம் என்று தொடங்கும்போது. மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் ரத்தம் நின்றுவிடும். எல்லோருக்கும் நிம்மதி. நின்றது மருந்தாலா, மாதவிலக்கு முடிந்ததாலா? இருபத்தைந்து நாள் கழித்துத்தான் பதில் தெரியும். அப்போதும் தேதியை யாரும் பார்க்காவிட்டால், மருந்துக்கு அடங்காத காசநோய் என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

வலது நெஞ்சில் நீர் கோத்து, அதை எடுத்துப் பார்த்தால் ரத்தம் கலந்திருக்கிறது என்றால் காசநோயும் புற்றுநோயும்தான் மனத்தில் ஓடும். சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை கூடுதலாக இருந்தால் பயம் இரட்டிப்பாகும். அந்த எண் எண்டோமெட்ரியோசிஸில் ஏறும், வயிற்றுக் காசநோயில் ஏறும், சினைப்பைப் புற்றில் ஏறும். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு நோயும் ஒருத்திக்கே இருக்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ஹார்மோன் மாத்திரைகளை ஈரல் சீக்கிரம் சிதைத்துவிடும்படி செய்கிறது. கருத்தடை மாத்திரையும் வேலை செய்யாது. எண்டோமெட்ரியோசிஸ் மாத்திரையின் பலனும் குறைந்துவிடும். ஆகவே இரண்டு பிரிவிலும் மருந்து வாங்குகிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும்.

பரிசோதனைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காற்று புகுந்தால் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். இருமலில் ரத்தம் வருகிறவர்களுக்கு, வரும் நாளில் ஒரு சி.டி.யும் நடுமாதத்தில் ஒரு சி.டி.யும் எடுத்தால், முதலில் இருந்த நிழல் இரண்டாவதில் மறைந்திருக்கும். அந்த மறைவே சான்று. உதரவிதானத்தில் ஒட்டியிருக்கும் திசுவை எம்.ஆர்.ஐ. சில சமயம் காட்டிக் கொடுக்கும். எல்லாமே சுத்தமாக இருந்தும் நோய் இருக்கலாம். எடுத்த சதைத் துணுக்கில் திசு அகப்படாமலும் போகலாம். அப்போதும் வரலாறு தெளிவாக இருந்தால் சிகிச்சை தொடங்கலாம்.

சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டம் உயிரைக் காப்பது. காற்று அதிகமாகப் புகுந்திருந்தால் விலா எலும்புக்கு நடுவே ஒரு குழாய் போட்டு, தண்ணீர் உள்ள பாட்டிலோடு இணைப்பார்கள். காற்று குமிழி குமிழியாக வெளியேறி நுரையீரல் விரியும். உதடு நீலம் பாய்ந்து, வியர்த்து, பேச முடியாமல் மூச்சு வாங்கினால் ஆட்டோ பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். உறைக்குள் காற்று மிச்சம் இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது. மேலே போகப்போக அந்தக் காற்று விரியும். ரேணிகுண்டாவில் விமானம் ஏறுமுன், மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்லி, அதற்கு மேலும் ஒரு வாரமாவது கழிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம் திரும்ப வராமல் பார்ப்பது. இங்கேதான் பல இடங்களில் வண்டி தடம் புரள்கிறது. இரண்டாம் முறையும் காற்று புகுந்தால் காமிரா வைத்து நெஞ்சு அறுவை செய்வது வழக்கம். பொதுவாக இப்படிக் காற்று புகுவதற்கு நுரையீரலின் உச்சியில் இருக்கும் கொப்புளம்தான் காரணமாக இருக்கும். அறுவை மருத்துவர் நேரே அங்கே போய் அதை வெட்டி, உறையை ஒட்டவைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். ஆண்களுக்கு அது போதும். இந்தப் பெண்களுக்கு வியாதி மேலே இல்லை, கீழே இருக்கிறது. காமிராவை உதரவிதானத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் பழுப்பும் ஊதாவுமாகப் புள்ளிகளும் சிறு துளைகளும் கண்ணில் படும். துளை விழுந்த பகுதியை வெட்டித் தைக்க வேண்டும். தேவைப்பட்டால் வலை வைத்து மூட வேண்டும். மாதவிலக்கு நாட்களை ஒட்டி அறுவையை வைத்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும் என்பது பலர் அனுபவம். பெண்களுக்குக் காரணம் தெரியாமல் வரும் நியூமோதோராக்ஸில் 3 முதல் 6 சதவீதம்தான் இந்த வகை என்று பழைய நூல்கள் சொல்லும். அறுவைக்கு வந்த பெண்களின் உதரவிதானத்தைக் கவனமாகப் பார்த்த குழுக்களுக்கு, நான்கில் ஒருவரிடமும் அதற்கு மேலும் அகப்பட்டிருக்கிறது. தேடினவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயிற்றில் லேப்பராஸ்கோப்பி செய்யும் மகளிர் மருத்துவருக்கும் இதே வேண்டுகோள். இடுப்புக்கூட்டைச் சுத்தம் செய்துவிட்டுக் காமிராவை வெளியே எடுக்குமுன், கல்லீரலைச் சற்றுத் தாழ்த்தி உதரவிதானத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அறுவையோடு முடிவதில்லை, மருந்து வேண்டும். சினைப்பையின் மாதச் சுழற்சியை ஓய்வெடுக்க வைப்பதுதான் மருந்தின் நோக்கம். டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் தினமும் ஒன்று. அல்லது இடைவெளி விடாமல் கருத்தடை மாத்திரை. அல்லது மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடும் லியூப்ரோலைடு ஊசி. அறுவைக்குப் பின் ஆறு மாதமாவது ஊசியோ மாத்திரையோ கொடுப்பது நல்லது என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஊசியால் உடம்பு கொதிக்கிற மாதிரி வெப்பம் ஏறி இறங்கும், தூக்கம் கெடும், நாள்பட்டால் எலும்பு மெலியும். அதைத் தடுக்கக் கூடவே சிறிதளவு ஹார்மோன் சேர்ப்பார்கள். டையனோஜெஸ்டில் இடையிடையே ரத்தத்தீற்றல் படும், சிலருக்கு மனச்சோர்வு வரும். சொல்லிக் கொடுத்தால் பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் கொடுத்தால் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். இத்தனை செய்தும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைக்கு முயல்கிறவர்களுக்கு இந்த மருந்துகள் ஆகாது; கரு உண்டாவதைத் தடுக்கும். அவர்களுக்கு அறுவையை முன்னால் வைத்து, பிள்ளைப்பேற்று மருத்துவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். “கல்யாணம் பண்ணிக் குடுங்க, ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் நோய் தூங்கும் என்பது உண்மை. பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பும்போது அதுவும் விழித்துக்கொள்ளும். நோய் தீர ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது மருத்துவமே அல்ல.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிடும் பழக்கம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்த பெண்களின் விகிதம் நாட்டிலேயே ஆந்திரத்தில்தான் அதிகம். கிட்டத்தட்ட 9 சதவீதம். நாட்டின் சராசரியோ சுமார் 3 சதவீதம். குடும்பக் கட்டுப்பாடு ஆயிற்று, இரண்டு பிள்ளை ஆயிற்று, இனி அது எதற்கு என்று முப்பது வயதில் எடுத்துவிடுகிறார்கள். வயிற்றுவலிக்கு எடுத்தார்கள் என்றால், அந்த வலி எண்டோமெட்ரியோசிஸாக இருந்திருந்தால், உதரவிதானத்தில் ஒட்டியது அப்படியேதான் இருக்கும். சினைப்பைகள் இருக்கும்வரை அதற்கு மாதந்தோறும் தீனி கிடைக்கும். இப்போது அவளிடம் தேதியும் இல்லை. தோள் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கோ இல்லை. எதோடு பொருத்திப் பார்ப்பது? இப்படிப்பட்ட பெண்கள் வலி வந்த நாட்களை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று வரிசையாக நின்றால், சினைப்பை தன் கணக்கைத் தானே சொல்கிறது என்று புரிந்துகொள்வோம். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது கடைசி ஆயுதம். முப்பது வயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். 1993 முதல் திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை நடக்கிறது; 2014இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரியும் அதனோடு சேர்ந்தது. நெஞ்சறுவையும் மகளிர் பிரிவும் ஒரே நிறுவனத்துக்குள் இருப்பது இந்த நோய்க்கு மிகப் பெரிய வசதி. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிற இடம். எங்கே போனாலும் நெஞ்சு மருத்துவரும், அறுவை மருத்துவரும், மகளிர் மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுப்பார்களா என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் முடிவெடுக்கிற நோய் இல்லை இது. அரசுக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், அறுவைக்குத் தேதி வாங்குமுன் மருத்துவமனையில் இருக்கும் ஆரோக்யமித்ரா என்ற காப்பீட்டு உதவியாளரிடம் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இது அரிய நோய்தான். இந்த அரங்கில் இருக்கும் பெண்களில் ஒருவருக்குக்கூட இல்லாமல் இருக்கலாம். நெஞ்சு வலித்த ஒவ்வொருவரும் இதுதான் என்று பயந்துகொண்டு போகாதீர்கள். மாரடைப்பும் காசநோயும் ஆஸ்துமாவும் இதைவிட எவ்வளவோ அதிகம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டுக் காலண்டரில் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த நாளும் எழுதுகிறோம். அதில் மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒரு புள்ளியாகவும், தோளோ நெஞ்சோ வலித்த நாளை ஒரு கோடாகவும் போட்டு வையுங்கள். மூன்று மாதம் போதும். புள்ளியும் கோடும் ஒன்றாக நின்றால், காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் எடுத்து மேசைமேல் வையுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் வரலாம். மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன். தனியாகப் பேச விரும்புகிற பெண்கள் உள்ளே அறையில் இருக்கும் மகளிர் மருத்துவரைப் பார்க்கலாம். கணவன்மார்களும் வந்து கேளுங்கள்.